கோடம்பாக்கத்துக் கல்யாணம்

"அவளுக்கு வேணாம்பா. தட்ட எடுத்துக்கினு போ."

வடிவாம்பாள் சொன்ன வேகத்தில் உதவி டைரக்டர் ஓர் அடி பின்னால் நகர்ந்தார். அவர் கையிலிருந்த தட்டில் குங்குமமும் காகிதத்தில் செய்த கனகாம்பரச் சரங்களும் இருந்தன. வேண்டாம் என்று சொல்லத் தோன்றாமல் நின்றிருந்த வள்ளி சட்டென்று தலையைக் குனிந்துகொண்டாள்.

வள்ளி, வடிவாம்பாளின் இளைய மருமகள். கட்டியவன் காய்ச்சலில் போய் இரண்டு வருஷம் ஆகியிருந்தது.

அன்று அமாவாசை, காஞ்சிபுரத்தில் தறிகளுக்கு விடுமுறை. மூத்த மகன் உமாபதி யார் யாரையோ பிடித்துப் பாஸ் வாங்கி, அம்மாவையும் மனைவி தையல்நாயகியையும் வள்ளியையும் ஷூட்டிங் பார்க்கக் கூட்டி வந்திருந்தான். கையில் புளியோதரை மூட்டை வேறு.

இப்போது டிக்கெட் வாங்கினால் யார் வேண்டுமானாலும் சினிமா செட்டுக்குள் சுற்றி வரலாம். அறுபதுகளில் அது லேசில் கிடைக்கிற பாக்கியமா? பார்த்துவிட்டு ஊர் திரும்பினால் தெருவில் ஒரு மாசத்துக்கு அவர்கள் ராஜ்ஜியம்தான். நடிகை நேரில் குள்ளம் என்று அவர்கள் சொன்னால், குள்ளம்தான்.

அன்றைக்கு எடுத்தது கல்யாணக் காட்சி. துணை நடிகர்கள் வரவேண்டிய வேன் வழியில் படுத்துவிட்டது. வேடிக்கை பார்க்க வந்தவர்களையே பந்தலில் உட்காரவைக்கச் சொல்லிவிட்டார் டைரக்டர். அப்படித்தான் தட்டு இவர்களிடம் வந்தது.

"இது சினிமாம்மா. நெஜக் கல்யாணமா என்ன?" என்றார் உதவி டைரக்டர்.

"உனக்கு சினிமா. அவ உக்கார மாட்டா. இவங்க ரெண்டு பேர கூட்டிக்கினு போ."

அதோடு நிற்காமல், வள்ளியின் கையைப் பிடித்து வெளியே வாசலோரம் கிடந்த பெஞ்சுக்கு அழைத்துப் போய்விட்டாள். தையல்நாயகிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"பாத்தீங்களா உங்கம்மாவ? பொய்க் கல்யாணத்துலகூட அந்தப் பொண்ணு உக்காரக் கூடாதாம்."

"சத்தம் போடாத, கேமரா ஓடுது," என்றான் உமாபதி. அம்மாவிடம் அவனுக்கு எப்போதுமே பயம்.

கெட்டிமேளம் முழங்க, நாயகன் தாலி கட்டினான். அட்சதை விழுந்தது. "கட்" என்று குரல் வந்ததும் நாயகியின் கழுத்திலிருந்து தாலியைக் கழற்றி, தூணிலிருந்த ஆணியில் மாட்டினார்கள். தையல்நாயகி பதறிப்போய்த் தன் தாலியை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

மறுபடி கட்டினார்கள், மறுபடி கழற்றினார்கள். உமாபதி மட்டும் ஒவ்வொரு தடவையும் பயபக்தியோடு அட்சதை போட்டு, "தீர்க்காயுசா இருங்க" என்று முணுமுணுத்தான்.

இடையில் தையல்நாயகி வாசல் பக்கம் பார்த்தாள். வடிவாம்பாள் கையை ஆட்டி ஆட்டிப் பேசிக்கொண்டிருந்தாள். வள்ளி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். வெளியே தள்ளியும் ஆத்திரம் தீராமல் திட்டுகிறாளே என்று தையல்நாயகி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

சாயங்காலம் காஞ்சிபுரம் பஸ்ஸில் ஜன்னலோரமாக வள்ளி தூங்கிவிட்டாள். உமாபதி முன் சீட்டில் யாரிடமோ ஷூட்டிங் கதையை ஆரம்பித்துவிட்டான். பூந்தமல்லி தாண்டியதும் தையல்நாயகிக்குப் பொறுக்கவில்லை.

"அத்தை, நீங்க இன்னிக்கு செஞ்சது எனக்குப் புடிக்கல. அர நாளு அவ பூ வச்சிருந்தா என்ன குடியா முழுகிடும்?"

வடிவாம்பாள் ஜன்னல் பக்கம் திரும்பி வள்ளியைப் பார்த்தாள். பிறகு தூங்குகிறவளுக்குக் கேட்காத குரலில் சொன்னாள்.

"அர நாளுதான தையலு. காலைல நாம உள்ள வர்றப்பவே பாத்தேன். பக்கத்து செட்டுல நடிச்ச பொண்ணுங்க தலையில இருந்த பூவையெல்லாம் ஒருத்தன் கூடைய வச்சிக்கினு உருவிக்கினு இருந்தான். வள்ளி தலையிலேர்ந்து ஒருவாட்டி பூவ எடுத்தது இந்தக் கைதாம்மா. இன்னொரு வாட்டி எவனோ எடுக்கறத அவ தாங்குவாளா?"

தையல்நாயகியின் குரல் இறங்கிவிட்டது. "அதுக்குன்னு அவள வெளிய உக்காரவச்சித் திட்டணுமா?"

"யாரு திட்டுனா? தாமல் ஊர்ல கலியன்னு ஒரு பையன், தறிக்காரன். இவளக் கட்டிக்கிறேன்னு கேட்டுக்கினே இருக்குறான். வீட்டுல பேசுனா தெருவே காத வச்சிக் கேக்கும். அதான் அந்த பெஞ்சில உக்காரவச்சி, உனக்கு இஷ்டமான்னு கேட்டேன். அழுதுக்கினே சரின்னா. வர்ற தையில அவ தலையில வைக்கிற பூவ எவனும் கூடைய தூக்கிக்கினு வந்து திருப்பிக் கேக்க மாட்டான்."