எல்லா லாரிக்கும் ஒரு ஃபில்டர்

“இவனை முதல்ல வெளியே தள்ளுங்க முதலாளி!”

கையில் ஸ்பேனருடன் லாரிக்கு அடியிலிருந்து வெளிப்பட்டார் மெக்கானிக். முகத்தில் பாதி கிரீஸ், மீதி கோபம். ஆபீஸ் வாசலில் நின்ற சேல்ஸ்மேன் பையை மார்போடு அணைத்துக்கொண்டு ஓரடி பின்வாங்கினான்.

பையில் இருந்தது ஒரு பைபாஸ் ஃபில்டர். டீசல் என்ஜினில் ஓடும் ஆயிலில் கொஞ்சத்தைத் தனிக் குழாயில் இழுத்து, கரியையும் தூளையும் சலித்து, மறுபடி என்ஜினுக்கே அனுப்பும் டப்பா. இதை மாட்டினால் அடிக்கடி ஆயில் மாற்ற வேண்டியதில்லை. இன்றைக்கு ஒரு ஆர்டராவது பிடிக்காவிட்டால், கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போகலாம் என்று அவனுடைய மேனேஜர் காலையில் மிகுந்த அன்போடு சொல்லி அனுப்பியிருந்தார்.

“என்னய்யா அங்கே சத்தம்?” முதலாளி நாற்காலியிலிருந்து எழாமலேயே கேட்டார். லாரிகள் ஓடினால் போதும், தான் அசையத் தேவையில்லை என்பது அவர் கொள்கை.

“ஃபில்டர் விக்க வந்திருக்கான் முதலாளி. இதை மாட்டினா ஆயில் சீக்கிரம் கெடாதாம். நம்ம காதுல பூ சுத்தறான்.”

முதலாளி நிமிர்ந்தார். ‘ஷெட்டுக்கு ஒரு கூரை போட்டா நல்லது’ என்று மெக்கானிக் ஒருமுறை வாய் தவறிச் சொல்லிவிட்டார். அன்று முதல் மழை வந்தால் லாரிகளும் நனைகின்றன, அவரும் நனைகிறார். யார் முதலாளி என்பதில் ஒரு தெளிவு வேண்டுமல்லவா?

“நீ சும்மா இருய்யா. தம்பி, நீ உள்ளே வா. சொல்லு.”

சேல்ஸ்மேன் டப்பாவை எடுத்து மேசைமேல் வைத்தான். அவன் வாயைத் திறப்பதற்குள் மெக்கானிக் திறந்துவிட்டார்.

“ஏண்டா, என்ஜின்ல ஏற்கெனவே ஒரு ஃபில்டர் இருக்கே, அது என்ன வேடிக்கை பார்க்கவா இருக்கு?”

“அது பெரிய தூளைத்தான் சார் பிடிக்கும். மொத்த ஆயிலும் அது வழியா வேகமா ஓடியாகணும், அதனால ரொம்ப நெருக்கமா சலிக்க முடியாது. இது கொஞ்சம் கொஞ்சமா எடுத்து நிதானமா சலிக்கும்.”

“கிழிச்சது! டப்பா அடைச்சுக்கிட்டா? ஆயில் இல்லாம என்ஜின் ஜாம் ஆயிடும். அப்புறம் உன்னை எந்தச் சந்துல போய்த் தேடறது?”

“இது தனிப் பாதை சார். இது அடைச்சாலும் மெயின் பாதையில ஆயில் போய்க்கிட்டேதான் இருக்கும்.”

“கேட்டுக்கோ,” என்றார் முதலாளி, கண்டுபிடித்ததே தான்தான் என்பதுபோல.

மெக்கானிக் விடவில்லை. வெளியே ஓடி, ஒரு லாரியிலிருந்து ஆயில் அளக்கும் கம்பியை உருவிக்கொண்டு வந்து சேல்ஸ்மேன் மூக்குக்கு நேரே நீட்டினார். நுனியில் ஆயில் மை மாதிரி கறுத்துக் கிடந்தது.

“இதைச் சலிச்சு வெள்ளையாக்கிடுவியா நீ? மூஞ்சியைப் பாரு!”

“ஆகாது சார். டீசல் என்ஜின்ல புது ஆயில்கூட ஊத்தின கொஞ்ச நேரத்துல கறுத்துடும். நிறத்தை வெச்சுக் கெட்டுப்போச்சுன்னு சொல்ல முடியாது. கொஞ்சம் பிடிச்சு லேபுக்கு அனுப்புவோம். நல்லா இருக்குன்னு சொன்னா ஓட்டலாம், இல்லைன்னா மாத்திடலாம்.”

எதற்கும் அவன் யோசிக்கவே இல்லை. மெக்கானிக் திட்டத் திட்ட அவன் குரல் தெளிந்துகொண்டே வந்தது.

“வாய் மட்டும் இல்லைன்னா இவனை நாய் தூக்கிட்டுப் போயிடும். இவனையெல்லாம் நம்பி எவன்தான் பொண்ணு குடுத்தானோ!”

சேல்ஸ்மேனின் முகம் சட்டென்று சுருங்கியது. முதலாளி மேசையில் ஓங்கித் தட்டினார்.

“போதும்யா! உனக்கு எங்கே வலிக்குதுன்னு எனக்குத் தெரியாதா? ஆயில் மாத்தறேன்னு சொல்லி லாரிக்கு அடியில படுத்துத் தூங்க முடியாது, அதானே?”

மெக்கானிக்கின் சுருதி இறங்கியது. “சரி முதலாளி, ஆசைப்பட்டா ஒரே ஒரு வண்டியில மாட்டிப் பாருங்க. எல்லாத்துக்கும் மட்டும் வேண்டாம். கெஞ்சிக் கேட்டுக்கறேன்.”

“தம்பி, எல்லா லாரிக்கும் எழுதிக்கோ! இவனே உட்கார்ந்து ஒண்ணொண்ணா மாட்டட்டும்!”

முதலாளி போட்ட கையெழுத்தின் வீரத்தில் தாள் லேசாகக் கிழிந்தது. மெக்கானிக் ஏதோ முணுமுணுத்தபடி வெளியேறினார். அந்த முணுமுணுப்பைக் காது குளிரக் கேட்டுவிட்டு, இன்றைய நிர்வாகம் முடிந்தது என்று முதலாளி கண்ணை மூடிக்கொண்டார்.

கேட்டுக்கு வெளியே சேல்ஸ்மேன் பைக்கை உதைத்துக்கொண்டிருந்தான். பின்னால் காலடிச் சத்தம். திரும்பினால், அதே ஸ்பேனர், அதே கிரீஸ் முகம்.

மெக்கானிக் ஆபீஸ் ஜன்னலை ஒருமுறை எட்டிப் பார்த்துக்கொண்டார். குரல் தணிந்தது.

“கேள்வி எதுவும் விட்டுப்போகலையே?”

“இல்லை. திட்டுதான் பேசி வெச்சதைவிடக் கொஞ்சம் தூக்கல்.”

மெக்கானிக் ஸ்பேனரை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு நெளிந்தார்.

“அதை மட்டும் என் பொண்ணுகிட்ட சொல்லிடாதீங்க, மாப்பிள்ளை!”