ஸ்கேனில் தெரியாதது

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு எதற்கெடுத்தாலும் ஒரு நோய். நான் வேலை முடிந்து வரும்போதெல்லாம், எனக்கு முன்பே ஆபீஸிலிருந்து வந்துவிடும் என் மகள் கழிப்பறைக்குள் இருப்பாள். கேட்டால் வயிற்றுவலி என்பாள். இப்போது லேடீஸ் ஹாஸ்டலுக்கே போய்விடுகிறேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். டாக்டரிடம் இழுத்துப் போனேன்.

“ஸ்கேன்ல ஒண்ணும் இல்ல. ஆனா வலி நிஜம். எரிச்சல் குடல் நோய்னு சொல்வோம். மனசு பதறினா குடலும் பதறும்.”

“ஒண்ணும் இல்லாததுக்கு ஒரு பேரா? உள்ள போய் போனை நோண்டுறா சார்.”

டாக்டர் அவள் பக்கம் திரும்பினார். “எப்பம்மா அதிகமாகுது? ஆபீஸ்லயா?”

“அங்க வர்றதே இல்ல சார்.” அவள் தரையைப் பார்த்தாள். “சாயங்காலம் அப்பா வாசல்ல இருமுவார். அது கேட்டதும்தான்.”

எழுந்து வெளியே வந்தேன். தொண்டை கரகரத்தது, இருமினேன். உள்ளே அவள் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழும் சத்தம் கேட்டது. அடுத்து, கழிப்பறைக் கதவு சாத்தும் சத்தம்.

வயிற்றுக்கு ஏது காது? யாரிடம் கதை விடுகிறார்கள்? திரும்பிப் பார்க்காமல் நடந்தேன்.