தொப்பை கேட்கிற கேள்வி

“உள்ள திருடன் இருக்கான். கதவைச் சாத்து,” என்றாள் அக்கா.

காபியோடு வந்த தம்பி அப்படியே நின்றுவிட்டான். பீரோ பக்கம் பார்த்தான், கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தான். அவள் கம்ப்யூட்டர் திரையைக் காட்டிய பிறகுதான் மனுஷனுக்கு மூச்சு வந்தது. திருடன் புகுந்திருந்தது, அவர்கள் விளையாட்டில் வவ்வால் என்ற பெயரில் ஆடுகிற ஒருத்தனின் அக்கவுண்டில்.

அக்காவும் தம்பியும் சேர்ந்து ஒரு விளையாட்டு நடத்துகிறார்கள். சின்ன வயதில் பைத்தியமாக ஆடியது அது. செய்த கம்பெனியே கைகழுவிவிட்ட பிறகு, ஆசைக்காக இவர்கள் திரும்ப எழுதினார்கள். முட்டையிலிருந்து ஒரு பூதக்குட்டி வரும், அதற்குச் சோறு போட்டு வளர்த்து ஆளாக்க வேண்டும், அவ்வளவுதான். அக்கா புரோகிராம் எழுதுவாள், தம்பி படம் வரைவான், ஆடுகிறவர்கள் குறை சொல்வார்கள். அந்தக் குறைகளைச் சரிசெய்து சரிசெய்தே விளையாட்டு உருப்பட்டது.

குறை சொல்வதில் வவ்வாலை அடித்துக்கொள்ள ஆளில்லை. முகம் பார்த்ததில்லை, ஊர் பேர் தெரியாது, ஆனால் அவன் சொன்னால் சரியாக இருக்கும். குட்டிக்குத் தன் ஆளை அடையாளம் தெரிய வேண்டும் என்று நச்சரித்து வாங்கியவனும் அவன்தான். இப்போது அவரவர் குட்டிக்கு ஒரு தாளம் பழக்கலாம். அதே தாளத்தில் வயிற்றைத் தட்டினால் துள்ளும். அந்தத் தாளம் தெரியாத வேறு யாராவது சோறு போட்டால் சாப்பிட்டுவிட்டு வாசலைப் பார்த்து உட்கார்ந்து, “என் ஆளு எப்ப வருவான்?” என்று கேட்கும்.

மூன்று மாதமாக வவ்வாலிடமிருந்து ஒரு குறையும் வரவில்லை. கோபித்துக்கொண்டான் போல என்று அக்கா விட்டுவிட்டாள். இன்று காலை வந்தது: ‘உணவு உண்ட பின் அது கேட்கும் கேள்வியைத் தயவுசெய்து நீக்கிவிடவும்.’

சந்தேகப்பட்டு உள்ளே போய்ப் பார்த்தாள். வவ்வாலின் குட்டிக்குத் தொப்பை என்று பெயர். அது இந்த மூன்று மாதமும் தினம் தவறாமல் அந்தக் கேள்வியைக் கேட்டிருந்தது.

“அவனே கெஞ்சி வாங்கினதை அவனே எடுக்கச் சொல்வானா? வேற எவனோ உக்காந்திருக்கான்டா,” என்றாள். திருடப் புகுந்த வீட்டில் நாய் குரைக்கிறது, அதன் வாயைக் கட்டுங்கள் என்று வீட்டுக்காரனிடமே மனு கொடுக்கிற திருடனை அவள் இப்போதுதான் பார்க்கிறாளாம்.

தம்பி அக்கவுண்டைத் துழாவினான். வவ்வால் சேர்த்து வைத்திருந்த அபூர்வ முட்டைகளும் பொற்காசுகளும் போட்டது போட்டபடி கிடந்தன. வந்தவன் தொப்பைக்குச் சோறு போட்டிருக்கிறான், போர்த்திவிட்டிருக்கிறான், போயிருக்கிறான். இது என்ன திருட்டு என்று தம்பி இழுத்தான். பெரிய மீனுக்காகக் காத்திருக்கிறான் என்று அக்கா அடித்துச் சொன்னாள்.

பெரிய மீன் எதுவென்று அவனுக்கும் தெரியும். சாயங்காலம் புதுப் பதிப்பு, சோதித்துப் பார்க்கிறவர்களுக்கு மட்டும் தானாகப் போய்ச் சேரும். வவ்வாலும் அதில் ஒருத்தன். அதை எவனாவது வெளியே விற்றுவிட்டால், இதுவரை கண்டும் காணாமலும் இருக்கிற கம்பெனிக்காரன் மொத்தக் கடையையும் இழுத்து மூடச் சொல்வான். இத்தனை வருஷ உழைப்பும் போய்விடும்.

தடுக்க ஒரே வழி, அக்கவுண்டைப் பூட்டுவது. பூட்டினால் குட்டி காட்டுக்குள் போய்விடும். அப்புறம் வவ்வாலே வந்து நின்றாலும் திரும்பி வராது. அப்படித்தான் எழுதித் தொலைத்திருந்தாள், மாற்ற நேரமில்லை.

தொப்பையை வரைந்த கை தம்பியுடையது. ஒரே ஒரு தடவை கேட்டுப் பார்த்துவிடலாம் என்று கெஞ்சினான். அக்கா வேண்டாவெறுப்பாகத் தட்டினாள்: ‘யார் நீ? பதில் சொல்லாவிட்டால் பூட்டிவிடுவேன். குட்டி திரும்பக் கிடைக்காது.’

திரையில் தொப்பை சோற்றை முடித்துவிட்டு வாசல் பக்கம் திரும்பி உட்கார்ந்தது. அக்கா பூட்டும் பொத்தானுக்குப் போனாள். தம்பி முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

அப்போது ஒரு வரி வந்தது. ‘பூட்ட வேண்டாம். அழைக்கவும்.’ கீழே ஒரு போன் நம்பர்.

எந்தத் திருடனாவது தன் நம்பரைக் கொடுப்பானா என்று தம்பி கேட்டான். கொழுப்பைப் பாரு என்று சொல்லிக்கொண்டே அக்கா நம்பரைப் போட்டாள். முதல் மணியிலேயே எடுத்துவிட்டார்கள். வயதான ஒரு பெண் குரல். ஓடி வந்து எடுத்தது போல மூச்சு வாங்கியது.

யாராயிருந்தால் என்ன, அக்கா விடுவதாயில்லை. அடுத்தவன் அக்கவுண்டில் உங்களுக்கு என்ன வேலை, அந்தக் கேள்வி உங்களை என்ன பண்ணியது, மாட்டிக்கொள்வோம் என்று பயமா என்று பொரிந்து தள்ளினாள். தம்பி அவள் தோளைத் தொட்டான், அவள் தட்டிவிட்டாள்.

“கடைசியா கேக்கறேன். அந்த அக்கவுண்டுக்காரன் எங்க?”

அந்த அம்மாள் மெதுவாகச் சொன்னாள்.

“என் பையன் இனிமே வரமாட்டான்னு அதுகிட்ட நான் இன்னும் சொல்லலம்மா.”