நான்காவது குறுஞ்செய்தி

புயல் வருகிறது, முகாமுக்குப் போங்கள் என்று பேரிடர் அலுவலகத்திலிருந்து வந்த மூன்று குறுஞ்செய்திகளையும் கருவாட்டுக்கடைச் சிவனம்மாள் ஈ ஓட்டுவதுபோல் தள்ளிவிட்டாள். நான்காவது செய்தி ஆள் குணம் அறிந்து வந்தது: "எதிர்க்கடை அஞ்சலை காலையிலேயே முகாமுக்கு வந்து, மின்விசிறிக்குக் கீழே இடம் பிடித்துவிட்டார்."

போட்டது போட்டபடி ஓடினாள். அங்கே அஞ்சலையைக் காணோம். சற்று நேரத்தில் அவளும் மூச்சிரைக்க வந்து நின்றாள்.

"ஏண்டி, நீ காலையிலயே வந்துட்டியாமே? மெசேஜ் வந்துச்சு!"

"நானே இப்பத்தான் வந்தேன். உன்னப் பத்தி எனக்கும் அதையேதாண்டி அனுப்பிருக்கான் அந்த ஆபீஸ்காரன்!"

அப்போது வெளியே அவர்கள் கடைகள் இருந்த சந்தையின் கூரை மொத்தமாகப் பிய்த்துக்கொண்டு பறந்தது. இருவரும் கையைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள்.

"இப்படிப் புளுகுறவன் நம்ம கடையில இருந்தா," என்றாள் சிவனம்மாள், "போன வருசத்துக் கருவாட்டையும் நேத்துக் காஞ்சதுன்னு வித்துடுவான்டி!"