ஈர மணலில் ஒரு ‘பீப்’

இந்தக் கதையில் ஒரு சிரிப்பு இருக்கிறது. ஆனால் அவசரப்படக் கூடாது. முதலில் பெருச்சாளி கடைக்குப் போய்விட்டு வரட்டும்.

மகளின் கல்யாணக் கொலுசைக் கடற்கரையில் தொலைத்துவிட்டது பெருச்சாளி. சாயங்காலம் மாப்பிள்ளை வீட்டார் வந்துவிடுவார்கள். மண்ணுக்குள் கிடக்கும் உலோகத்தைக் காட்டிக்கொடுக்கும் கருவி விற்கிற நண்டிடம் ஓடியது. நண்டு சின்னதும் பெரிசுமாக இரண்டு கருவிகளை எடுத்து வைத்தது.

“சின்னது காய்ஞ்ச வயலுக்குத்தான் அண்ணே. ஈர உப்பு மணல்ல சும்மா சும்மா கத்தும். கடலோரத்துக்குப் பெரிசுதான் சரி. விலைதான் ரெண்டு மடங்கு.”

“கத்தட்டுமே, வாயுள்ள பிள்ளை பிழைக்கும்! சின்னதையே குடுடா” என்று பிடுங்கிக்கொண்டு ஓடியது பெருச்சாளி.

ஈர மணலில் கருவியை நீட்டியதும் ‘பீப்’. தோண்டினால் ஒன்றுமில்லை. நகர்ந்தால் மறுபடி ‘பீப்’. பதினேழு குழி ஆயிற்று.

“உப்புக்குக் கத்துது, சனியன்!” என்று காய்ந்த மேட்டில் ஏறியது. அங்கேயும் ‘பீப்’.

படகு விளிம்பில் உட்கார்ந்திருந்த மைனா, “நல்லாத் தோண்டுங்க மாமா, பக்கத்துலதான் இருக்கு” என்று உற்சாகப்படுத்தியது.

அப்போது நண்டு மூச்சிரைக்க வந்து சேர்ந்தது. “அண்ணே, பேட்டரி போடுறதுக்குள்ள ஓடி வந்துட்டீங்களே!”

பெருச்சாளி கையிலிருந்த கருவியைப் பார்த்தது. இன்னொரு ‘பீப்’ கேட்டது. மெல்லத் தலையைத் தூக்கிப் படகைப் பார்த்தது.

மைனாவின் கழுத்தில் கொலுசு மின்னியது.