மெட்ராஸ் நம்பர் வண்டி

“சின்ன வண்டி விக்கறதுக்கில்ல சாமி. வேன் வேணும்னா பாருங்க” என்றார் கங்கையா.

ரேணிகுண்டாவில் பழைய வண்டிகளைச் சரிசெய்து விற்கிற தெலுங்கர். தமிழும் தண்ணீராய் வரும்.

தணிகாசலத்துக்கு மீசை துடித்தது. புத்தூரில் மாங்காய் மண்டி வைத்திருப்பவர். மனைவி சுலோசனாவையும் ஐந்து பிள்ளைகளையும் ரயிலேற்றிக்கொண்டு கார் வாங்க வந்திருந்தார். ஆறாவது, சுலோசனாவின் வயிற்றில் ஏழு மாதம்.

கொட்டகையில் இரண்டே வண்டிகள். ஒன்று, நாலு பேர் உட்காரும் சின்ன கார், மெட்ராஸ் நம்பர். மற்றது, மூன்று வரிசை சீட்டு போட்ட வேன், ஆந்திரா நம்பர்.

வேறு எவனாக இருந்தாலும் இன்ஜினைத் திறந்து பார்ப்பான். தணிகாசலம் நம்பர் பலகையைத்தான் பார்த்தார். வடக்கெல்லைப் போராட்டத்தில் நாற்பது நாள் வேலூர் ஜெயிலில் களி தின்றவர். எல்லை பிரித்ததில் திருத்தணி மெட்ராசுக்குக் கிடைத்தது. அவர் வீடு இருந்த புத்தூர் ஆந்திராவோடு போய்விட்டது. அவருக்கு மாலை போட்ட தலைவர்களும் அதற்கப்புறம் இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. ஊரைத்தான் மீட்க முடியவில்லை, ஒரு காரையாவது மீட்கலாம் என்று வந்திருந்தார்.

“வேனையே பாருங்களேன். அந்தச் சின்ன வண்டியில நாம எல்லாரும் எங்க உக்கார்றது?” என்றாள் சுலோசனா.

“மடியில வெச்சிக்கினு போறது.”

“போன மாசம் வாடகைக் கார்ல நாகலாபுரம் கோயிலுக்குப் போனமே, அந்த நெரிசல்ல நடுவுள்ளவன விட்டுட்டு வந்தது மறந்துபோச்சா?”

“திரும்பிப் போயி கூட்டிக்கினு வரல?”

“லேசுல வந்தானா? பட்டர் குடுத்த புளியோதரைய துன்னுக்கினு, அங்கயே இருக்கறேன்னான்!”

தணிகாசலம் கங்கையா பக்கம் திரும்பினார்.

“ஏன்யா விக்க மாட்ட? மெட்ராஸ் நம்பர் தமிழன் கையில போவக்கூடாது, அதான?”

“லேது சாமி. அப்படியெல்லாம் இல்ல.”

“ஊர எடுத்துக்கினீங்க. மலைய எடுத்துக்கினீங்க. இப்போ காரையுமா?”

ரயிலுக்குப் போகிறவர்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள். கூட்டத்தைக் கண்டு வருஷக்கணக்காகிவிட்டது தணிகாசலத்துக்கு. குரல் தானாக மேடையேறியது. கங்கையாவின் குலம் கோத்திரம்கூடத் தப்பவில்லை. ஸ்பானரோடு முன்னே வந்த வேலையாளைக் கங்கையா கையமர்த்தினார். அழுக்குத் துணியில் விரல்களைத் துடைத்தபடி, தலை நிமிராமல் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார்.

அதற்குள் ஐந்து பிள்ளைகளும் வேனுக்குள் ஏறி, ஜன்னலுக்கு ஒருவராக உட்கார்ந்துவிட்டார்கள். இறங்கச் சொன்னதற்கு ஒன்றுகூட அசையவில்லை. வேறு வழியில்லை. வேனையே வாங்கினார்.

பிரசார ஜீப் ஓட்டிப் பழகிய கை. புத்தூர் ரோட்டில் வேன் வழுக்கிக்கொண்டு போனது. வாய் மட்டும் ஓயவில்லை.

“பாத்தியா அந்தாளு புத்திய? நான் அவ்ளோ கேட்டனே, வாயத் தொறந்து ஒரு காரணம் சொன்னானா?”

சுலோசனா காலை நன்றாக நீட்டிக்கொண்டாள்.

“அவர இனிமே ஒரு வார்த்த சொல்லாதீங்க. முந்தாநேத்து நான்தான் தனியா ரயில்ல வந்து, ‘சின்ன வண்டி விக்கறதுக்கில்லன்னு சொல்லிடுங்கண்ணா’ன்னு கேட்டுக்கினேன்.”

வேன் ஒரு குலுக்குக் குலுக்கியது.

“‘எங்க வீட்டுக்காரரு கண்டபடி பேசுவாருண்ணா’ன்னும் சொன்னேன். ‘பேசிட்டுப் போவட்டும்மா, பசங்க உக்காந்துக்கினு போவணும்’னாரு.”