வாசலில் சொல்லும் வார்த்தை

"சரி, பை!" என்றபடி ஷூ லேஸைக் கட்டினார் இங்கிலீஷ் வாத்தியார்.

கதவருகே நின்றவளுக்குச் சுருக்கென்றது. "இத்தனை வருஷமா சொல்றேன், வாசல்ல நின்னு அந்த வார்த்தையைச் சொல்லாதீங்கன்னு. போயிட்டு வரேன்னு சொன்னா வாயில இருக்கற முத்தா உதிர்ந்துடும்?"

"அதுக்கு அர்த்தம் தெரியுமா உனக்கு? கடவுள் உன்கூட இருக்கட்டும்னு வாழ்த்தறது. 'காட் பி வித் யீ'ங்கறது சொல்லிச் சொல்லித் தேஞ்சு, குட்பை ஆகி, கடைசியில பைன்னு ஆயிடுச்சு."

"கடவுள் இருப்பார், சரி. நீங்க திரும்பி வருவீங்கன்னு அதுல எங்கே இருக்கு?"

வகுப்பில் எந்தக் கேள்விக்கும் அசராதவர், லேஸை அவிழ்த்து மறுபடி கட்டினார்.

"மழை வர்ற மாதிரி இருக்கு" என்று அவள் குடையை நீட்டினாள்.

"வேண்டாம். எடுத்துட்டுப் போனா திருப்பிக் கொடுக்க வரணும். போன வாரம்தான் கோர்ட்டுல விவாகரத்து கொடுத்திருக்காங்க. நான் இங்கே வந்து போனா நல்லா இருக்காது."

தெருவில், அவருடைய கடைசிப் புத்தகப் பெட்டியை ஏற்றிக்கொண்டு டாக்ஸி ஹாரன் அடித்தது.

அவள் குடையை அவர் கையில் திணித்தாள்.

"அதுக்குத்தான் தர்றேன்."